கடலில் வரைந்த எல்லை



இல்லறத்தார்க்குரிய சீலவிரதங்களுள் தேசவிரதம் என ஒன்றுண்டு. குறித்த காலம் வரை இன்ன எல்லையைக் கடவேன் என வரையறுத்துக் கொள்வதே அது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்கட்கு அவன் அக்காலமளவும் மாவிரதியை ஒப்பான் என்பர் ஆசாரியர்.

1986ஆம் ஆண்டில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமில்லாக் கடலும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஒரு நாடே தேசவிரதம் பூண்டது எனலாம். கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கும், ஆமைக்கும், அட்டைக்கும் அது அபயதானம். அவ்விரதத்தின் பாரத்தைச் சுமப்பவர் அக்கரையோரத்து மீனவரே. பிழைப்பு குறைந்தது அவர்க்குத்தான். ஊன் உண்ணாத நாம் அவர்களைப் பழித்தல் தகாது.

பவளத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நம் ஆகமங்கள் பவளத்தை நிலவுடல் கொண்ட ஓரறிவுயிர்களுள் வைத்தன. இன்றைய உயிரியலார், அது நுண்ணிய விலங்குகள் கூடிச் சுண்ணாம்பால் கட்டிய இல்லம் என்பர். வகுப்பு வேறாயினும் வெறுங்கல் அன்று என்பதில் இரண்டும் ஒன்று. அதனையே நெடுங்காலம் வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். 21 தீவுகளுள் இரண்டு இன்று நீருள் மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டியதும் அதற்கொரு காரணம். 2001இல்தான் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. (நாம் அணியும் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலது. உயிர் என்ற அளவில் அதுவும் வேறன்று.)

தேசவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து. அவற்றுள் ஆனயனம் என்பது, தான் எல்லை கடவாமல் அப்பாலுள்ள பொருளைப் பிறரால் வருவித்தல். நமக்குரிய குற்றம் இதுவே. நாம் வலை வீசவில்லை, பாறை பெயர்க்கவில்லை. யாத்திரை சென்ற இடத்தில் விலை கொடுத்து வாங்கி வந்தோம்.

அண்மையில் ஓர் அன்பர் இல்லத்தில், கண்ணாடிப் பேழையுள் வெண்பவளக் கிளையொன்று கண்டேன். "கல்தானே ஐயா?" என்றார். உயிர் நீங்கியதால் வெளுத்த உடல் அது என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "இதை எங்கே கொண்டுபோய்த் திருப்பித் தருவது?" என்று வினவினார். விடை கூற எனக்கு இயலவில்லை.