முதல் கட்டத்துப் பெயர்

அமெரிக்கப் படையில் பணி முடித்து வெளியே வருகிறவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 'டிடி-214' என்று அதற்குப் பெயர்; 1950 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எத்தனை ஆண்டு சேவை, என்ன வேலை, என்னென்ன பதக்கம், எந்தத் தரத்தில் விடுவிப்பு என்று எல்லாம் கட்டம் கட்டமாக அதில் இருக்கும். வீட்டுக்கடன், படிப்பு உதவி, அரசு வேலையில் முன்னுரிமை, கடைசியில் படைவீரர் மயானத்தில் ஆறடி நிலம் என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். அதன் முதல் கட்டத்தில் பெயர்.

ஆணாகப் பதிவாகிப் பணிபுரிந்துவிட்டு, இன்று திருநங்கையாக வாழ்கிற ஒருவரிடம் அந்தத் தாளைக் கேட்டால் என்ன ஆகும்? நீதிமன்ற ஆணை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் புதுப்பெயருக்கு வந்துவிட்டன. தாள் மட்டும் பழைய பெயரில் நிற்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தாளைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். வேலைக்கான பேட்டி அந்த இடத்திலேயே வேறு ஏதோவாக மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒருவர், 'பெயரை மாற்றித் தாருங்கள்' என்று கேட்பது நியாயமா? நியாயம் என்றால், எதுவரைக்கும்?

இதைத் தீர்மானிக்க அங்கே படைப்பிரிவுதோறும் ஆவணத் திருத்த வாரியம் உண்டு. 1946-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் பிறந்த ஏற்பாடு அது. பிழை இருந்தாலும் திருத்தலாம், அநீதி இருந்தாலும் நீக்கலாம் என்று இரண்டுக்குமே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் பெயர் மாற்றக் கோரிக்கைகள் வந்தபோது வாரியங்கள் வெகுகாலம் முதலாவதை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றன. தாள் எழுதப்பட்ட நாளில் அவர் பெயர் அதுதானே, அதில் பிழை எங்கே, இது வரலாற்று ஆவணம் ஆயிற்றே என்பது அவற்றின் பதில்.

இந்தப் பதிலை வெறும் மனக்கோணல் என்று தள்ளிவிட முடியாது. ஆவணக் காப்பகத்தின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையே, நேற்று எழுதியதை இன்றைக்கு வசதிப்படி யாரும் திருத்தமாட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. போரில் நடந்ததை மறைக்க விரும்புகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஒருவருக்குத் திறந்த கதவு எல்லாருக்கும் திறந்ததாகிவிடாதா என்று காப்பாளர் அஞ்சுவதில் பொருள் உண்டு.

ஆனால் அந்தத் தாள் உண்மையில் வரலாறுதானா? 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, படைவீரர் பணி ஆவணங்களை வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் கோப்புகள் போய்விட்டன. அதற்காக, அந்த வீரர்கள் பணியே செய்யவில்லை என்று அரசு சொல்லிவிடவில்லை. சம்பளப் பட்டியல் போன்ற எஞ்சிய தாள்களைத் தேடிப்பிடித்து, இவர் இந்தக் காலத்தில் பணியாற்றினார் என்று புதிய சான்று எழுதிக் கொடுத்தது. விடுவிப்புச் சான்றுக்கு ஈடாக அதை ஏற்றும் கொண்டது. பிற்பாடு எழுதிய தாள் என்பதால் அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. நடந்த பணி ஒன்று, அதை ஊருக்குச் சொல்லும் தாள் இன்னொன்று என்பதை நிர்வாகமே அன்றைக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இன்னொரு முன்னுதாரணம் இதைவிடக் கூர்மையானது. விடுவிப்புக்கான காரணத்தை ஒரு காலத்தில் ரகசிய எண்ணாக அந்தத் தாளில் அச்சிட்டார்கள். ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்கு ஓர் எண். குணக்கோளாறு என்பதற்கு ஓர் எண். தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறவர் என்பதற்குக்கூட ஓர் எண். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று முதலாளிமார் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். வேலை கேட்டுப் போனவருக்கு ஏன் கதவு சாத்தப்பட்டது என்பது அவருக்கே புரியாமல் போனது. 1974-இல் பென்டகன் அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஏற்கெனவே எண்ணோடு தாள் வாங்கியவர்கள் விண்ணப்பித்தால் எண் இல்லாத தாள் தரவும் இசைந்தது. இன்றைக்கும் ஒரே சான்றில் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன: விடுவிப்பின் தரமும் காரணமும் உள்ளது ஒன்று, அவை இல்லாதது மற்றொன்று. கோப்பில் இருப்பதையெல்லாம் கேட்கிறவர் முன்னால் கொட்ட வேண்டியதில்லை என்ற நெறி ராணுவத்துக்குப் புதிதல்ல. பெயர் என்று வந்ததும் மட்டும் வரலாற்றின் புனிதம் நினைவுக்கு வருவது கொஞ்சம் வேடிக்கைதான்.

திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள் சான்றோடு திருமணப் பதிவையும் சேர்த்துக் காட்டுகிறார்களே, இவர்களும் நீதிமன்ற ஆணையை இணைத்துக் காட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் திருமணப் பதிவைக் காட்டுகிற பெண்ணை அலுவலகத்தில் யாரும் கேலி செய்வதில்லை, வாடகை வீட்டைவிட்டு விரட்டுவதில்லை. சட்டம் கேட்கும் காகிதம் இரண்டு பேருக்கும் ஒன்றே; அதைக் காட்டியதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல. 'டிடி-215' என்ற திருத்தத் தாளைப் பழைய சான்றோடு இணைத்துத் தருவதும் இதே அரைகுறை வழிதான். பழைய பெயரும் புதுப்பெயரும் ஒரே கொக்கியில் தொங்கும்போது எதை மறைத்ததாகும்?

ஆல்பர்ட் கேஷியரின் கதை இங்கே நினைக்கத்தக்கது. அயர்லாந்தில் பெண்ணாகப் பிறந்து ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்று பெயரிடப்பட்டவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல் இல்லினாய் 95-ஆம் காலாட்படையில் ஆல்பர்ட் கேஷியராகச் சேர்ந்தார். விக்ஸ்பர்க் முற்றுகையில் நின்றார். 1865-இல் படைப்பிரிவு கலையும்வரை பணிபுரிந்தார். அதன் பிறகும் சானெமின் என்ற சிற்றூரில் ஆணாகவே காலம் தள்ளினார். முதுமையில் கால் முறிந்தபோது மருத்துவர் உண்மையைக் கண்டார். விஷயம் வெளியே கசியவில்லை. பிறகு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டபோதுதான் எல்லாம் அம்பலமானது. அங்கே அவரைப் பெண்ணுடை உடுத்தச் செய்தார்கள்.

ஓய்வூதிய அலுவலகம் மோசடியோ என்று விசாரணையைத் தொடங்கியது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: விக்ஸ்பர்க்கில் நின்றவரும் இந்தக் கிழவரும் ஒரே ஆள்தானா? கூட இருந்து சண்டையிட்ட பழைய வீரர்கள் 'ஆம், இவர்தான்' என்று சாட்சி சொன்னார்கள். ஓய்வூதியம் தொடர்ந்தது. 1915-இல் அவர் இறந்தபோது சீருடையில் அடக்கம் செய்தார்கள். கல்லில் ஆல்பர்ட் கேஷியர் என்றே பொறித்தார்கள். விக்ஸ்பர்க்கில் இல்லினாய் வீரர்களுக்கு எழுப்பிய நினைவு மண்டபத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆள் யார் என்பதை உறுதிசெய்யப் பெயரின் மாறாமை தேவைப்படவில்லை. தோழர்களின் சாட்சியம் போதுமானதாக இருந்தது. நூறாண்டுக்கு முந்தைய குமாஸ்தாக்களுக்கு விளங்கியது பிற்கால வாரியங்களுக்கு ஏன் விளங்கவில்லை என்பது வியப்பு.

2014-இல் தரைப்படை வாரியம் நிலை மாறியது. திருநர் முன்னாள் வீரர்கள் இருவருக்குப் புதுப்பெயரில் சான்று வழங்க இசைந்தது. சரியான முடிவு.

எனினும் கோரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. பழைய பெயர் எங்குமே இருக்கக் கூடாது, கோப்பு முழுவதையும் துடைத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்டால் அதற்கு இணங்க முடியாது. அந்தக் கோப்பில் அவர் மட்டும் இல்லை. குண்டு வெடித்த நாளில் பக்கத்தில் இருந்த தோழர், பத்து ஆண்டு கழித்துக் காது கேட்கவில்லை என்று ஊனத் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, 'இன்னார் கூட இருந்தார்' என்று அன்றைக்குத் தெரிந்த பெயரைத்தான் எழுதுவார். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை என்றால் அவருடைய சாட்சி காற்றில் போய்விடும். ஒருவரின் நிம்மதிக்காக இன்னொருவரின் ஆதாரத்தை எடுத்துவிடுவது அறமாகாது. கையில் கொடுக்கும் சான்றில் புதுப்பெயர். உள்ளே இருக்கும் மூலக்கோப்பில் பழையதும், இரண்டையும் இணைக்கும் குறிப்பும். அதைப் பார்க்கும் அனுமதி, தேவை உள்ள அதிகாரிக்கு மட்டும். இதற்கு மேல் கேட்பதும் இதற்குக் கீழே கொடுப்பதும் சரியில்லை.

சிக்கல் இதோடும் தீர்ந்துவிடவில்லை. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்தால் அமெரிக்காவில் படைவீரரின் கோப்பு பொதுமக்களுக்குத் திறந்துவிடும். இருபத்திரண்டு வயதில் விலகியவர் எண்பத்து நான்கு வயதில் உயிரோடு இருக்கலாம். அண்டை வீட்டுக்காரர் ஐந்து நிமிடத்தில் விண்ணப்பம் எழுதிப்போடலாம். வரலாற்றாசிரியருக்கு அந்தக் கோப்பு வேண்டும்தான், கேஷியரின் கோப்பு வேண்டியிருந்ததைப் போல. ஆனால் அவர் காத்திருக்கலாம். பெயர் மாற்றம் பெற்றவர்களின் மூலக்கோப்பை ஆண்டுக் கணக்கைப் பார்த்துத் திறக்காமல், அவர்கள் இறந்த பிறகே திறப்பது என்று விதி எழுதினால் ஆய்வுக்குப் பெரிய நட்டம் எதுவும் வராது.