பள்ளிவேட்டையும் ஒரு செட்டர் நாயும்

ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்து நாள் நடைபெறும் பத்மநாபசுவாமி உத்ஸவத்தின் ஒன்பதாம் இரவில், வாத்தியம் ஒன்றும் ஒலியாமல், கூடியிருக்கும் ஜனங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்க, ஸ்வாமி வாகனங்கள் கோட்டைக்குள்ளே சுந்தரவிலாசம் அரண்மனையின் முன்னுள்ள வேட்டைக்களத்திற்கு எழுந்தருளுவதும், திருவிதாங்கூர் ராஜகுடும்பத்தின் மூத்தவர் வில்லை வளைத்து ஓர் இளநீர்க்காயின்மேல் அம்பு எய்வதும் கிழக்கேகோட்டைவாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. சயனத்திலேயே இருக்கும் பெருமாளுக்கு வேட்டை எதற்கு? துஷ்டநிக்ரஹத்தின் அடையாளம் என்பார்கள் பெரியோர். சரிதான், ஆனால் அந்த மௌனத்துக்கு அவ்விளக்கம் எனக்குப் போதவில்லை.

அந்த மௌனத்தை நான் முதலில் கண்டது சந்நிதியில் அல்ல, வெள்ளாயணி வயலில். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன செம்பொன்னிற ஐரிஷ் செட்டர் ஒன்றைப் பெரியப்பா வளர்த்தார். வடதேசத்திலிருந்து உள்ளான் வந்திறங்கும் காலமும் ஐப்பசிதான். சேற்றையும் தாளையும் முகர்ந்து முகர்ந்து ஓடிவரும் அந்த நாய், காற்றில் பறவையின் வாசனை பட்ட கணத்தில், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, வாலின் குஞ்சம்கூட அசையாமல், நெருப்பைச் சித்திரத்தில் எழுதினாற்போல் நின்றுவிடும். துப்பாக்கிக்கு முந்திய நாட்களில் இந்த ஜாதி நாய் பதுங்கிக் கிடக்க, அதற்கு மேலேயே வலையை வீசிப் பறவைகளைப் பிடிப்பார்களாம். செட்டர் என்ற பெயரே அந்தப் பதுங்கலால் வந்தது. பசியும் ஆசையும் உடம்பெல்லாம் நடுங்க, ஆயினும் பாயாமல் நிற்கும் அந்நிலையைப் பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அது கண்டுகொடுத்தது, பெரியப்பா சுட்டார், நான் ஓடிப்போய் எடுத்தேன், பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். பாபம் யாருடையது? அனுமதித்தவன் முதல் உண்டவன் வரை எட்டுப் பேரைக் கொலையாளிகளாக எண்ணுகிறது மனுஸ்மிருதி. அந்த ஜாபிதாவில் நாய் இல்லை. வேட்டைக்களத்தருகே கோயில் கொண்டிருக்கும் வேட்டைக்கொருமகனோ, வேடனாக வந்த சிவனுடைய பிள்ளை. பன்றியைக் கொன்றது யார் அம்பு என்று அந்த வேடனும் அர்ஜுனனும் சண்டையிட்ட கதை நமக்குத் தெரியும். கொன்ற புகழுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். கொன்ற பழிக்கு அப்படி யாரும் முன்வந்து நான் கேட்டதில்லை.

வேட்டையில் தெய்வத்துக்கு உகந்த பாகம் அந்த நிற்றல் மட்டுமே, எஞ்சியதை இளநீர் ஏற்றுக்கொள்கிறது என்பது என் துணிபு. சாஸ்திரம் கற்றவர்கள் மறுக்கலாம்.

ஒரு கோடையில் நாய் செத்துப்போயிற்று. பெரியப்பா அதன்பின் துப்பாக்கியைத் தொடவில்லை. பள்ளிவேட்டைக்கு மட்டும் ஒரு வருஷமும் தவறாமல் போய் நின்றார்.