பங்கின் விலை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு வீட்டைத் துண்டு துண்டாக வாங்கலாம். முகப்பு நிலைக்கதவு ஒரு கடையில் கிடைக்கும், வளவுத் தூண் இன்னொரு கடையில். பெல்ஜியம் கண்ணாடி, இனாமல் சட்டி, பீங்கான் ஜாடி, ரவி வர்மா படம் எல்லாம் அடுத்தடுத்த படிகளில். யார் வீட்டுக் கதவு என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் கடைக்காரர் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்.

அந்தக் கதவு கடைக்கு வருவதற்கு முன்னால் ஓர் ஆள் அலைந்திருக்கிறார். எனக்கு யோசனையெல்லாம் அவரைப் பற்றித்தான். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எதில் ஓடு சரிந்திருக்கிறது, எதற்கு வீட்டு வரி பாக்கி, ரசீது இன்னும் எந்தக் காலத்து ஐயா பேரில் வருகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. பங்காளிகளைத் தேடிப் பிடித்து அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார். ஆனால் கிரயம் அவர் பேரில் நடக்காது. அக்ரிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு பார்ட்டியிடம் கூட விலை பேசிக் கைமாற்றி விடுவார். இரண்டு விலைக்கும் நடுவில் இருப்பது அவருக்கு. அமெரிக்காவில் இதை வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அவரை வல்லூறு என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் செய்கிற வேலையைப் பங்காளிகளான நாங்கள் யாரும் செய்யவில்லை.

எங்கள் கோயில் இளையாத்தங்குடி. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று, அதற்குள்ளேயே ஏழு பிரிவு. கல்யாணமானால் கோயில் மாலை வரும், புதுக்குடும்பம் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறும். பினாங்கில் இருந்தாலும் சிகாகோவில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். கோயிலுக்கு இவ்வளவு கறாராகக் கணக்கு வைத்தவர்கள் வீட்டுக்கு வைக்கவில்லை. பக்கத்து ஊரில் இருக்கிற எங்கள் வீட்டை அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு வளவில் ஆளுக்கு ஓர் அறை என்று பிரித்தார்கள். அவர்கள் பிள்ளைகள், பேரன்கள் என்று இன்று பங்குக்காரர்கள் நாற்பதுக்குக் குறையாது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற யார் காசு போடுவது என்ற பேச்சு முடிவதற்குள் உத்திரமே உளுத்துவிட்டது. அப்படி ஒரு தரகர் வந்த பிறகுதான் பங்காளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டோம். அந்த அலைச்சலுக்குக் கூலி கொடுக்காமல் இருக்க முடியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். புள்ளிக் கணக்கில் பெண் வாழ்க்கைப்பட்ட வீட்டோடு போய்விடுகிறாள். சட்டத்தில் போவதில்லை. உயில் எழுதாமல் போன அப்பாவின் பங்கில் மகளுக்கும் உண்டு என்று 1956-லேயே எழுதியாயிற்று. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமம் என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் (அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கு), 2005-இல் நாடு முழுக்கவும் சட்டம் திருந்தியது. அதனால் என் அயித்தையின் கையெழுத்தும் தரகருக்கு வேண்டும். அயித்தை இருக்கிற தேவகோட்டைக்கு விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்தே கொண்டுபோய்விட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இடிஞ்ச வீடு ஆச்சி. உங்க பங்குன்னு பாத்தா பெருசா வராது. கையெழுத்துப் போட்டா நாளைக்கே பணம்."

"நிலைக்கதவ யாரு தம்பி வாங்குறா?"

"எல்லாம் சேத்துத்தான் ஆச்சி விலை."

"சேத்து எவ்வளவுன்னு நான் கேக்கலையே. கதவ மட்டும் யாரு வாங்குறா, எவ்வளவுக்கு?"

அவர் மோரைக் குடித்து முடித்து, பார்ட்டியைக் கேட்டுச் சொல்வதாக எழுந்தார். அயித்தை சட்டம் படித்தவர் இல்லை. கஷ்ட காலத்தில் வைரத் தோடு விற்றவர். நாலு இடத்தில் மதிப்புக் கேட்காமல் கல்லைக் கழற்றித் தரமாட்டார்.

அன்று அவர் கேட்டதை 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வேறு விதமாகக் கேட்டது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டி; வரி, வட்டி, அபராதம் சேர்ந்து பாக்கி சுமார் 15,000 டாலர். ஹென்னபின் கவுண்டி அவர் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. பாக்கியை எடுத்துக்கொள், மீதி அவளுடையது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அது அரசாங்கத்துக்குச் சொன்னது. தரகருக்கு அப்படி யார் சொல்வது?

எங்கள் ஆட்கள் சொல்ல முடியாது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது பர்மிய விவசாயிகளால் நகரத்தார் செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-க்குள் 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கவில்லை, கொடுத்த பணத்துக்கு நிலம்தான் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மையும்கூட. பத்திரம் எல்லாம் சுத்தம். வயலை இழந்தவன் அதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று எங்கள் வீட்டில் பேசிக் கேட்டதில்லை. பிறகு 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும், சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கியதும் தெரிந்த கதை. இப்போது பர்மாத் தேக்குத் தூண் கடைக்குப் போவது கர்மவினை என்று சொல்லமாட்டேன். அது சோம்பேறிக் கணக்கு. முட்டுப்பட்டவனிடம் சொத்து வாங்குவது எங்களுக்குப் புதிதல்ல, அதனால் தரகரைப் பார்த்து முகம் சுளிக்கும் யோக்கியதை கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான்.

வாங்குவதே தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. யாரும் வாங்காவிட்டால் மழை வாங்கிக்கொள்ளும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிற செட்டிநாட்டு வீடும் பிரித்துக் கொண்டுபோய்க் கட்டியதுதான்.

விலை தெரியாதவனிடம் வாங்கித் தெரிந்தவனிடம் விற்பதுதானே வியாபாரம் என்பார்கள். ஜவுளிக் கடைக்குச் சரி. இந்தத் தீபாவளிக்கு ஏமாந்தவர் அடுத்த தீபாவளிக்கு வேறு கடை ஏறுவார். பூர்வீக வீட்டை ஒருவர் ஒரு தடவைதான் விற்கிறார். அதுவும் விலை தெரியாமல், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்த வாரமே பணம் வேண்டும் என்ற நிலையில். அந்த ஆளிடம் மறைத்து வைக்கிற வித்தியாசத்தை என்னால் லாபம் என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது பார்ட்டி சொன்ன விலையை முதல் ஆளிடம் காட்டிவிட்டு, இத்தனை சதவீதம் எனக்கு என்று தரகர் கேட்கட்டும். நிறையவே கேட்கட்டும், கொடுக்கலாம்.

தரகர் இன்னும் தேவகோட்டைக்குத் திரும்பி வரவில்லை. அயித்தையால் பேரம் நின்றுபோனது என்று சிலருக்குக் கோபம். அதில் ஒரு தம்பி மகனுக்கு நிஜமாகவே பண முடை; பிரிபடாத தன் பங்கை மட்டும் தனியாக அந்தத் தரகருக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறான். குடும்ப வீட்டில் அந்நியர் ஒருவர் பங்கை வாங்கினால் அவரும் கூட வந்து குடியிருக்க உரிமை கிடையாது என்று 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், மதிப்புப் போட்ட விலையைக் கொடுத்து அதை மற்றப் பங்காளிகளே வாங்கிக்கொள்ளலாம் என்று 1893-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. கோர்ட் வரை போவானேன், அவன் பங்கை நாமே வாங்கிவிடலாம் என்று எங்களில் சிலர் பேசி வைத்திருக்கிறோம். விலை போட முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணுக்கும் கதவுக்கும் நானே விசாரித்து வந்தேன். அவன் மனதில் வைத்திருப்பதைவிட ரொம்ப அதிகம். இதை அவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று நேற்று ராத்திரி ஒரு பங்காளி போனில் கேட்டார்.