குழந்தையின் முகத்து மச்சம்

குழந்தையின் முகத்திலுள்ள மச்சத்தை எடுக்கலாமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அது உடலுக்குத் தீங்கானதா என்பது ஒன்று. தீங்கில்லை என்று தெரிந்த பிறகும், பார்வைக்கு நன்றாக இல்லை என்பதற்காக அதை எடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மருத்துவர் விடை சொல்லிவிடுவார். இரண்டாவது சமயத்தையும் தத்துவத்தையும் சார்ந்தது.

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் ஓரிடத்தில் திரள்வதால் உண்டாவது மச்சம். ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒன்று மச்சத்தோடு பிறக்கிறது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் பதின்பருவத்திலும் தோன்றுகிறது. சிறு மச்சம் குழந்தை வயதில் புற்றுநோயாக மாறுவது மிக அரிது. உடல் முழுதாக வளர்ந்தபின் 20 சென்டிமீட்டருக்கு மேல் விரியக்கூடிய பிறவி மச்சங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, விளிம்பு ஒழுங்கிழந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அவர் எடுக்கச் சொன்னால் எடுப்பதே முறை. பெரிய சமயங்கள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. சுண்ணாம்பு தடவிப் பொசுக்குவதும், அழகு நிலையத்தில் சுட்டு எடுப்பதும் எந்த நிலையிலும் கூடாது. திசுவைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அதனால் போய்விடும்.

மீதமுள்ளது தீங்கற்ற மச்சம். தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சாமுத்திரிகா லட்சணத்திலிருந்து தொடங்குகிறது. உடலில் தோன்றும் குறிகளுக்கு இடவாரியாகப் பலன் சொல்லும் மரபு பழையது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று பலன் பிரித்துச் சொல்வார்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது தடையாக இருக்குமோ என்று பெண் குழந்தையின் மச்சத்தை இப்போதே எடுத்துவிட நினைப்பவர்கள் உண்டு. இந்த முடிவு அந்த மரபின் தர்க்கத்துக்கே பொருந்தாது. சாமுத்திரிகம் மச்சத்தை விதியின் அறிகுறியாகத்தான் கொள்கிறது, விதிக்குக் காரணமாகக் கொள்ளவில்லை. அறிகுறியை அழித்தால் அது காட்டிய பலன் அழியாது. அழியும் என்றால் அது விதியே அல்ல. ஆகவே சாத்திரத்தை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ‘ராசியில்லாத மச்சம்’ அறுவைக்குப் போதிய காரணமாகாது. குழந்தை அழகாக இருக்கிறதே, கண் பட்டுவிடுமே என்று கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைக்கும் பண்பாடும் இதுவே. கரும்புள்ளி முகத்தைக் கெடுக்கிறதா காக்கிறதா என்பதைப் பார்ப்பவர்தான் தீர்மானிக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இஸ்லாத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. இறைவனின் படைப்பை மாற்றுவதைக் குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சைத்தானின் தூண்டுதலாகச் சொல்கிறது. அழகுக்காகப் பச்சை குத்துவதையும் பற்களை அராவுவதையும் நபிமொழிகள் கண்டிக்கின்றன. ஆனால், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற தோழர் வெள்ளி மூக்குப் பொருத்தி, அது நாற்றமெடுத்தபோது, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் அனுமதித்தார் என்ற செய்தியும் உண்டு. ஆண்கள் தங்கம் அணிவது விலக்கப்பட்ட மார்க்கத்தில் இது பெரிய சலுகை. அழகை மிகைப்படுத்துவது வேறு, குறையை நீக்குவது வேறு என்ற பாகுபாட்டுக்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) அகாடமி, பிளந்த உதடு, கூடுதல் விரல் ஆகியவற்றோடு பிறவிக் குறிகளையும் சேர்த்து, அவை உடலுக்கோ மனத்துக்கோ குறிப்பிடத்தக்க துன்பம் தருமானால் சரிசெய்யலாம் என்று தீர்மானித்தது. மனத்துன்பத்தையும் கணக்கில் எடுத்ததுதான் இதன் சிறப்பு. யாருடைய மனம் என்ற கேள்வியைக் குடும்பம்தான் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வியை மையமாக வைத்த கதையொன்று அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1843இல் எழுதிய ‘தி பர்த்மார்க்’. கன்னத்தில் சிறு கை வடிவில் பிறவிக் குறி கொண்ட ஜார்ஜியானா அதை வசீகரமாகவே நினைத்திருந்தாள். விஞ்ஞானியான கணவனுக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. அவன் முகச்சுளிப்பைப் பார்த்துப் பார்த்து அவளும் அதை வெறுக்கிறாள். குறி மறைகிறது, அவளும் இறக்கிறாள். 2002இல் அமெரிக்க அதிபரின் உயிரறநெறி ஆலோசனைக் குழு தன் முதல் கூட்டத்திலேயே இந்தக் கதையை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. மனைவி கணவனிடம் கற்ற வெறுப்பைக் குழந்தை தாயிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் இன்னும் விரைவாகக் கற்றுக்கொள்ளும்.

பெற்றோர் குழந்தையின் உடலில் கைவைக்கவே கூடாதா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காதுகுத்து குழந்தையை உறவுக்குள் சேர்க்கும் சடங்கு. உன்னிடம் ஏதோ தவறாக இருந்தது என்று அது சொல்வதில்லை. மச்சத்தை எடுப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அப்படிச் சொல்லிவிடக்கூடும். மேலும், அறுவையில் மச்சம் போன இடத்தில் தழும்பு வரும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் அது தடித்து மேலெழும் வாய்ப்பு அதிகம். ஒரு குறிக்குப் பதில் இன்னொரு குறி என்பதைப் பல பெற்றோர் முன்கூட்டி அறிவதில்லை.

இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதற்குப் பாதுகாவலரின் சம்மதம் போதும் என்கிறது. எது நன்மை என்பதைக் குடும்பத்தின் மனசாட்சிதான் தீர்மானிக்க வேண்டும். தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல் முன்வைத்த ‘திறந்த எதிர்காலத்துக்கான உரிமை’ இதற்கு நல்ல அளவுகோல். வளர்ந்தபின் குழந்தை தானே எடுக்க வேண்டிய முடிவுகளை அதுவரை பெற்றோர் அதன் பொருட்டுக் காத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தீங்கற்ற மச்சம் பத்து வருடம் கழித்தும் எடுக்கக்கூடியது. காத்திருந்தால் எதுவும் கைநழுவாது. சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். அசையாமல் படுக்கத் தெரிந்த பிள்ளைக்கு மரத்துப்போகும் ஊசி போதும் என்பதும் காத்திருப்பதற்குச் சாதகமானது.

ஆனால் கேலிக்கு ஆளான பள்ளிப் பருவம் திரும்பி வராது. கன்னத்தை அடைக்கும் முடி முளைத்த கருமச்சம் உள்ள பிள்ளை, வகுப்புப் படம் எடுக்கும்போதெல்லாம் கையால் முகத்தை மூடுகிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறது என்றால், பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது கல்மனம். அந்தத் துன்பம் பிள்ளையுடையது. அதற்காக எடுப்பது அழகுபடுத்தல் ஆகாது. கேலி செய்கிறவர்களைத் திருத்தும் வேலையைப் பள்ளி செய்யட்டும். அது முடியும்வரை பிள்ளை பிணையாகக் கிடக்க வேண்டியதில்லை.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘எடுத்துடலாமா?’ என்று கேட்டால் அம்மா விரும்பும் பதிலே வரும். ‘இதைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா? உனக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்டு, பதிலைச் சில மாதங்கள் கவனித்தால் உண்மை தெரியும். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொல்லும் பிள்ளையின் மச்சத்தைத் தொடக் கூடாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் எடுத்துவிட வேண்டும் என்று பிள்ளையே தொடர்ந்து கேட்டால், தழும்பைப் பற்றி மருத்துவர் வாயால் கேட்டபிறகும் அது மாறாவிட்டால், பெற்றோர் தம் விருப்பத்தையோ நம்பிக்கையையோ மட்டும் காட்டித் தடுப்பதற்கு நியாயம் இல்லை.