அச்சமும் ஆடற்பாட்டும்

கோச்சடையிலும் வைகைக் கரையை ஒட்டிய பிற ஊர்களிலும் ஆட்டமும் பாட்டும் இன்றித் திருவிழா இரவு நிறைவுறுவதில்லை. அந்த ஆட்டத்தின் தாளம் ஒரு நோயின் பெயரைச் சொல்லத் தொடங்கிய காலம் ஒன்றுண்டு. 1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமோனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பின்னர்க் கரகாட்டக் கலைஞரும் தெருக்கூத்துக் கலைஞரும் ஊர் மந்தைகளில் எய்ட்ஸைப் பற்றிப் பாடினர். கொச்சையாகப் பாடுகிறார்கள் என்று யாரைக் கண்டு முகம் சுளித்தோமோ, அவர்களையே இப்பணிக்கு அழைக்க நேர்ந்தது!

பால் உறவைப் பற்றி மேடையில் பாடலாமா என்று கேட்போர் உண்டு. இனிமைமிகு பாடலைத் தன்னுள் கொண்ட விவிலியத்தை வாசிக்கும் நமக்கு அது பெரிய கேள்வியன்று. கடினமான கேள்வி வேறு. நோய்க்கு அஞ்சித் தன்னைக் காத்துக்கொள்பவனை ஒழுக்கமுள்ளவன் என்று சொல்லலாமா?

புனித தாமஸ் அக்குவினாஸ் அடிமையின் அச்சத்தையும் பிள்ளையின் அச்சத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் அச்சம். அன்பு செய்பவரைப் புண்படுத்திவிடுவோமோ என அஞ்சுவது பிள்ளையின் அச்சம். முதலாவதை அவர் தீயதென்று தள்ளிவிடவில்லை. அது தொடக்கமாக இருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடுபவன் தண்டனை நீங்கிய மறுநாளே பழைய வழிக்குத் திரும்புவான்.

சென்னையில் அத்தொற்றுகள் வெளிப்பட்ட அதே 1986இல், ஆடை களைய வேண்டியதில்லை என்னும் பொருளில் தலைப்பிட்ட ஓர் ஆடற்பாட்டை அமெரிக்கரான ஜெர்மைன் ஸ்டூவர்ட் பாடினார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடம்வரை சென்றது. எய்ட்ஸ் அச்சம் பரவிய நாட்களில் மக்கள் அதை ஓர் அறிவுரையாகவும் கேட்டனர். ஆயினும் அப்பாட்டு நோயைக் காட்டி மிரட்டவில்லை. உடலுறவு இன்றியும் இருவர் சேர்ந்து மகிழ முடியும் என்றது. அதைப் பாடியவர் 1997இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். இதைச் சொல்லி எள்ளி நகைப்போர் உண்டு. நமக்கு அவர்களோடு உடன்பாடில்லை. நோய் என்பது ஒருவரது ஒழுக்கத்திற்கு இறைவன் இடும் மதிப்பெண் அன்று.

நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு, ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் ஊர்தோறும் காணப்பட்டது. பேசக் கூசியதைப் பேச வைத்தது அதன் சிறப்பு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் புள்ளிராஜா எப்போதும் அடுத்த வீட்டுக்காரனாகவே இருந்தான். அவனுக்கு வருமா என்று கேட்டுச் சிரித்தோம். அவன் மனைவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. இது பெரும் நன்மை. ஆனால் சாவுக்கு அஞ்சி வீட்டில் இருந்த கணவன் இனி எதற்காக வீட்டில் இருப்பான்? ஸ்டூவர்ட்டின் பாட்டு இன்றும் பொருளுடையது. மிரட்டிய பாட்டுகளுக்கோ சொல்ல ஏதுமில்லை.

அப்பாட்டுகளில் இன்னொரு குறையும் உண்டு. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்தால் நோய் அணுகாது என்று பாடினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான சென்னை ஆய்வொன்றில், தொற்றுக்குள்ளான பெண்களில் மிகப் பெரும்பாலோர் தம் கணவரையன்றி வேறு ஆடவரை அறியாதவர்கள். மந்தையில் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் அத்தகைய பெண் ஒருத்தி இருந்திருந்தால், அந்த வரி அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? அவள் ஒருவனோடுதான் வாழ்ந்தாள். பாட்டின் கணக்குப்படி அவளுக்கு நோய் வந்திருக்கக் கூடாது. வந்ததால் ஊர் அவளையும் ஐயுற்றது. அவள் கணவனை நோக்கி, உன் இரத்தப் பரிசோதனையின் முடிவை முதலில் இவளிடம் சொல் என்று பாடிய பாட்டை நாம் இன்றுவரை கேட்டதில்லை.