அடிக்கும் அடிக்கும் நடுவே

பெல்ஜியம் தேசத்துத் துறைமுக நகரமாகிய ஆண்ட்வெர்ப்பில், 1980களின் பிற்பகுதியில், 'ஆன்சியென் பெல்ஜிக்' என்ற நடனக் கூடத்தில் இசைத்தட்டுச் சுழற்றிய ஒருவர், நிமிஷத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டு ஒன்றை 33 சுற்றில் ஓடவிட்டு, மந்தம் சற்று மிகையாகப் பட்டதனால் வேகம் திருத்தும் விசையை எட்டு சதவீதம் மேலே நகர்த்தி வைத்தார் என்றும், பின்னர் 'நியூ பீட்' என்று பிரசித்தி பெற்ற நடன இசை அப்படித்தான் ஜனித்தது என்றும், அந்த இசையின் அபிமானிகள் ஒரு ஸ்தல புராணத்தைப் போலச் சொல்லுவார்கள். அந்தத் தட்டு, 'எ ஸ்பிளிட் செகண்ட்' என்ற பெல்ஜியக் குழுவினர் 1986-இல் வெளியிட்ட 'ஃபிளெஷ்'. தமிழில் மாமிசம் என்று பொருள்படும் அந்தப் பெயரில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், வேகம் குறைந்த அந்தப் பொழுதில் ஆடுகிறவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது அவர்களுடைய சரீரந்தான்.

கணக்கைச் சற்றே பார்க்கலாம். 33 என்று வழங்கும் அந்த வேகத்தை, அதாவது உண்மையில் 33⅓ சுற்றை, எட்டு சதவீதம் உயர்த்தினால் சரியாக 36 ஆகிறது. 45-இல் 36 என்பது ஐந்தில் நான்கு பங்கு. தட்டு மெதுவாகச் சுழலும்போது காலம் மட்டும் நீளுவதில்லை, சுருதியும் கூடவே இறங்குகிறது. ஐந்துக்கு நான்கு என்ற அந்த விகிதம், நம் சங்கீதக்காரர்கள் நன்கறிந்த, அந்தர காந்தாரத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள தூரமேயாகும். ஆகவே அந்த வேக மாற்றத்தினால் காந்தாரத்தில் நின்றுகொண்டிருந்த பாட்டு முழுவதும் ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிமிஷத்துக்கு 125 அடி விழும் ஒரு பாட்டை இவ்விதம் இறக்கினால் 100 அடி விழும்; அடிக்கும் அடிக்கும் இடையே 0.48 விநாடியாக இருந்த அவகாசம் 0.6 விநாடியாகும். கூடினது கண்ணிமைக்கும் பொழுதுதான். இந்த அற்பப் பொழுதுக்காக ஒரு நகரத்து இளைஞர்கள் இரவு முழுவதும் கூடி நின்றார்கள் என்றால், அந்தப் பொழுதுக்குள் என்ன இருந்தது என்று கேட்பது தத்துவ விசாரணைக்கு உரிய கேள்வி என்றே நினைக்கிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் 'சங்கீத ரத்னாகரம்' இயற்றிய சார்ங்கதேவர், லயம் என்பதை அடியைக் கொண்டு வரையறுக்காமல், ஒரு கிரியைக்குப் பின்னால் வரும் விசிராந்தியைக் கொண்டு வரையறுத்தார். தட்டுவது லயமன்று, தட்டிய பிறகு ஓய்ந்திருப்பதே லயம் என்கிற இந்தப் பார்வையை எவ்வளவு நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒன்றில் ஒன்று கரைந்து ஒடுங்குவதையும் லயம் என்றே சொல்லுகிறோம். மனம் லயித்தது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும்போது, இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரு வார்த்தைக்குள் இணைபிரியாமல் கிடக்கின்றன.

வேகத்துக்கு மனத்தை லயிக்கச் செய்யும் சக்தி இல்லையா என்று கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்ல வேண்டும். நம் கிராமத்துக் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் மெல்லத் தொடங்கி, நெருங்கி, அடிக்கு அடி இடம் இல்லாத நிலைக்கு வரும்போதுதான் சாமி இறங்குகிறது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ராட்டர்டாமில், 1990களின் தொடக்கத்தில், 'காபர்' என்ற நடன இசை நிமிஷத்துக்கு 160 அடியையும் தாண்டி ஓடியபோது, ஆடியவர்கள் தேடியது ஏறக்குறைய இதைத்தான் என்று எண்ணுகிறேன். வேகம் இடைவெளியை அழிக்கிறது. இடைவெளி இல்லாத இடத்தில் 'நான்' என்பதற்கு நிற்க நிலம் இல்லை. அது அடித்துக்கொண்டு போகப்படுகிறது. இது ஒருவகை விடுதலைதான். ஆனால் வெள்ளம் வடிந்ததும், போன 'நான்' போனபடியே திரும்பி வந்து சேருகிறது.

விளம்ப காலத்தின் வழி வேறு. அது யாரையும் அடித்துச் செல்லுவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் ஆடுகிறவனுடைய சம்மதத்தைக் கேட்கிறது. புனித அகஸ்டின் தம்முடைய வாழ்க்கைச் சரிதையின் பதினொன்றாம் புத்தகத்தில், காலத்தை எங்கே அளக்கிறோம் என்று விசாரிக்கப் புகுந்து, குறிலும் நெடிலுமாக எட்டு அசைகள் கொண்ட ஒரு துதிப்பாட்டின் வரியை எடுத்துக்கொண்டு, ஒலித்த அசை கழிந்துபோனது, ஒலிக்கப்போகும் அசை இன்னும் வரவில்லை, ஆகையால் நாம் அளப்பது வெளியே உள்ள ஒன்றையல்ல, உள்ளத்தில் தங்கியிருப்பதையே என்ற முடிவுக்கு வருகிறார். எதிர்பார்ப்பு கவனத்தின் வழியே ஞாபகமாக மாறுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அடிகள் நெருக்கமாக விழும்போது இந்த மாற்றம் நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது, 0.6 விநாடி கிடைக்கும்போதோ, அது நடக்கும் இடத்தை மனம் கிட்ட நின்று தரிசிக்கிறது. அதுவும் தனியாக அன்று. முந்நூறு பேர் இருட்டில் ஒரே அடிக்காக ஒரே பொழுது காலை நிறுத்திக் காத்திருப்பதைக் கூட்டுப் பிரார்த்தனையிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

மெதுவாக இருப்பதெல்லாம் தியானம் ஆகிவிடாது, தூக்கமும் மெதுவானதுதான் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். சௌக காலத்தில் ஒரு பதத்தைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துரிதத்தில் தாளத்தைக் காப்பதைவிட அங்கே காப்பது எவ்வளவு கஷ்டம் என்று. அடி தூரமாகப் போகப் போக அது எங்கே இருக்கிறது என்ற நிச்சயம் தளர்ந்து, கை முந்திக்கொள்ளப் பார்க்கும். மின்னணு நடன இசையிலோ அந்தக் காவலை யந்திரம் ஏற்றுக்கொள்ளுகிறது. யந்திரத் தாளத்தை உயிரற்றது என்று குறை கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: தம்புரா சுருதியைக் காத்து நிற்பதனால்தான் பாடகர் ஸ்வரத்தில் தாராளமாக உலவுகிறார், அதுபோலவே, பிசகாத ஒரு லயத்தின்மேல் சாய்ந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையினால்தான் ஆடுகிறவனுடைய உடல் அவசரத்தைக் கைவிடுகிறது.

வேகத்தைத் தாமாகவே துறந்தவர்களும் உண்டு. லண்டனில், 2020-இல் காலமான ஆண்ட்ரூ வெதரால் என்ற கலைஞரும் ஷான் ஜான்ஸ்டன் என்பவரும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய நடன இரவில், நிமிஷத்துக்கு 122 அடிக்கு மேல் போவதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். விரதம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில், 45 சுற்றுச் சினிமாப் பாட்டுத் தட்டை 33-இல் வைத்து, பாடகியின் குரல் ஆண்குரலாகத் தடித்து இறங்குவதைக் கேட்டுச் சிரிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. அப்பா வந்து ஊசியைத் தூக்கிவிடுவார். ஒரு நாள் அவர் ஊரில் இல்லாததனால் தட்டு கடைசிவரை ஓடிற்று. முதல் சரணம் முடிவதற்குள் சிரிப்பு ஓய்ந்துவிட்டது. பாட்டோடு கூடத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் தங்கை, தூக்கிய கையை அடுத்த அடி வரும்வரை இறக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.