கள்வர் யார்?

திருடாதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். தேவையான போதனைதான். ஆனால், பொருள் இன்னாருக்கே உரியது என்று முதலில் தீர்ப்பளித்தவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அதைக் கேட்டுப் பார்க்க ஒரு மரத்தின் வரலாறு போதும்.

தென் அமெரிக்காவின் கிழக்குக் கரைக் காடுகளில் வளர்வது பிரேசில் மரம். அதன் வைரம் பாய்ந்த கட்டை தந்த சிவப்புச் சாயம் ஐரோப்பியச் சீமான்களின் ஆடைக்கு நிறமூட்டிற்று. நாட்டுக்கே பெயர் தந்தது அந்த மரந்தான். அங்கு வாழ்ந்த தூப்பி மக்களோ தம் மொழியில், சிவந்த மரம் எனும் பொருள்பட, 'இபிரபித்தங்கா' என்று அதை முன்னரே அழைத்து வந்தனர்.

1500-இல் போர்த்துகல் கப்பல்கள் அக்கரையைத் தொட்டன. 1502-இல் மரம் வெட்டும் உரிமையை மன்னன் வணிகர்க்குக் குத்தகைக்கு விட்டான். எங்கிருந்து வந்தது அவனுக்கு அந்த உரிமை? நட்டானா? நீர் வார்த்தானா? 1494-இல் போர்த்துகலும் ஸ்பெயினும் கடல்மீது ஒரு கோடு கிழித்து உலகைப் பங்கிட்டுக் கொண்டன. 1506-இல் போப்பாண்டவர் அதற்கு ஒப்புதல் தந்தார். அவ்வளவே!

பிரெஞ்சு வணிகர் அக்கோட்டை மதிக்கவில்லை. மரத்தை ஏற்றிச் சென்றனர். கள்ளக்கடத்தல் என்று கொதித்தது போர்த்துகல். உலகில் எனக்குப் பங்கில்லை என்று ஆதாம் எழுதிவைத்த உயிலைக் காட்டுங்கள் எனப் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சிஸ் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. நறுக்கான கேள்வி! ஆனால், கைதட்டிவிட்டு நின்றுவிடலாமா? அவன் கேட்டதும் தன் பங்கைத்தானே! மரத்தை வெட்டி, தோளில் சுமந்து, கரை சேர்த்த தூப்பி மக்களுக்கு இருசாராரும் தந்தவை கோடரி, கத்தி, முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவையே.

1605-இல் கடுஞ்சட்டம் பிறந்தது. அனுமதியின்றி வெட்டினால் மரண தண்டனை, சொத்துப் பறிமுதல்! காட்டைக் காக்கத்தானே சட்டம் என்பர் சிலர். மரம் அருகி வருவதை அச்சட்டம் பேசியது உண்மையே. எனினும் அது காக்க முனைந்தது காட்டையா, கஜானாவையா? அரசின் ஏகபோகம் 1859 வரை நீடித்தது. மரமோ இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

ஆகவே தோழர்களே, சட்டம் என்பதாலேயே ஒன்றைப் புனிதமென வணங்கவும் வேண்டாம். அதை மீறினான் என்பதாலேயே ஒருவனை வீரனென வாழ்த்தவும் வேண்டாம். யாரைக் கேட்டுச் செய்தாய் என்று சட்டம் செய்தவனைக் கேட்போம். யாருக்காக மீறினாய் என்று மீறியவனைக் கேட்போம். மண்ணின் மக்களுக்கு இடமளிக்காத விடையை, எவர் வாயிலிருந்து வந்தாலும், நீதியென ஏற்க மறுப்போம்.